நேர்ந்துவிட்ட தலையில் குருவிகள்

1992ஆம் ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில், முதல் உறைபனி விழுந்த பின்னேரம், தவராஜாவின் தலைமுடிக்குள் பதினைந்து இருபது குருவிகள் குடியேறின. அவர் அப்போது ஷாஃப்ஹவுசனுக்குக் கீழே ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு விடுதியின் சமையலறைப் பின்வாசலில், கோப்பை கழுவிய ஈரத்தோடு, தலையிலிருந்து ஆவி பறக்கக் குப்பை வாளியைப் பிடித்தபடி நின்றார். குருவிகள் தோட்டத்து வேலியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து வந்து, அவருடைய வலது காதுக்கு மேலாக உள்ளே நுழைந்து, கொஞ்ச நேரம் இடம் பார்த்து, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி, பிறகு அடங்கிவிட்டன. தவராஜா வாளியைக் கொட்டிவிட்டு உள்ளே போய் மிச்சக் கோப்பைகளைக் கழுவினார். அந்தக் கிழமை சூரிச்சிலிருந்து வரும் தமிழ்க்கடை வண்டியில் சின்ன வெங்காயம் கிலோ ஏழு பிராங்குக்குப் போனது, முருங்கைக்காய் வரவேயில்லை. ஆகையால் எங்கள் ஆட்கள் அன்று அதிகம் கதைத்தது முருங்கைக்காயைப் பற்றித்தான்.

அந்த முடி தவராஜாவுடையது அல்ல, வெருகல் முருகனுடையது. மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சானில் உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த தவராஜா 1990இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியபோது அவருடைய மனைவி சிவகலா கர்ப்பிணி. அவர் பல எல்லைகளைக் கடந்து சுவிசுக்கு வந்து முதன்முதல் தொலைபேசியில் கதைத்த அன்று, சிவகலா அழுது முடித்துவிட்டு ஒரு செய்தி சொன்னார். "உங்கட தலையை வெருகல் முருகனுக்கு நேர்ந்துபோட்டன். நீங்கள், நான், பிள்ளை மூண்டுபேரும் ஒரே வீட்டுக்குள்ள ஒண்டா நிக்கிற அண்டைக்கே மொட்டை. அதுவரைக்கும் கத்திரிக்கோல் படக்கூடாது, சொல்லிப்போட்டன்." தன் தலையைத் தன்னிடம் கேட்காமல் நேர்ந்துவிட்டதற்காகத் தவராஜா கோபிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் தலை ஒருவருடையதாகவும் நேர்த்தி இன்னொருவருடையதாகவும் இருப்பது வழமைதான். ஆனால் அவருடையது சுருட்டை முடி. அது கீழே இறங்காமல் பக்கவாட்டில் பெருத்துப் பெருத்து, இரண்டு வருடத்தில் தலை நன்றாக விளைந்த பலாப்பழத்தின் அளவுக்கு வந்துவிட்டது. நேர்த்தியில் தாடியும் அடங்குமா என்று அன்று கேட்க மறந்துபோனதால் தாடியையும் அவர் தொடாமல் விட்டிருந்தார்.

குருவிகள் வந்த மறுநாளே ஹெர் ஸ்ராம் விடுதிக்கு வந்தார். அவர் இளைப்பாறிய ரயில் பரிசோதகர், கிராமத்துப் பறவைக் காப்புச் சங்கத்தின் தலைவர், தன்னுடைய தோட்டத்துக் குருவிகள் பொழுது பட்டதும் எங்கே போகின்றன என்று தேடிக்கொண்டு வந்தவர். தவராஜாவை ஒரு கதிரையில் இருத்தி, ரயிலில் பயணச்சீட்டைப் பார்ப்பதுபோல முடியை மெல்ல விலக்கிப் பார்த்தார். உள்ளே பெருவிரல் அளவான மண்ணிறக் குருவிகள், வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தை நடுவில் குவித்து வட்டமாக நித்திரை கொண்டன. ஜெர்மன் மொழியில் அவற்றுக்கு வேலி அரசன் என்று பெயராம். கடுங்குளிரில் அவை எந்தப் பொந்து கிடைத்தாலும் கூட்டமாகப் புகுந்துகொள்ளும் என்றும், பொந்து ஒரு மனிதரின் மேல் இருப்பது புதிது என்றாலும் சட்டத்துக்கு விரோதமானது அல்ல என்றும் ஹெர் ஸ்ராம் சொன்னார். தாடிக்குள் ஒரு செந்நெஞ்சுக் குருவி தனியாக இருப்பதையும் அவரே கண்டுபிடித்தார். அதற்கு யாரோடும் ஒத்துவராது. மேலே இருப்பவர்களில் ஒருவர் தவறிக் காதுக்குக் கீழே இறங்கினால் கொத்தித் துரத்திவிடும்.

இப்படித்தான் ஆரம்பமானது. பகலில் குருவிகள் இரை தேடப் போய்விடும். மாலை நாலரைக்குப் பொழுது படும்போது திரும்பிவரும், அதுதான் தவராஜாவுக்கு மாலை வேலை தொடங்கும் நேரம். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து, தலையை மூடினால் போதும், மூடியதற்குள் என்ன இருக்கிறது என்பது தன்னுடைய பிரிவில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். மூடுவதற்குப் போதுமான பெரிய தொப்பி, தலைமைச் சமையல்காரர் போடும் உயரமான வெள்ளைத் தொப்பி ஒன்றுதான். கோப்பை கழுவுகிறவருக்கு அந்தத் தொப்பியா என்று சமையல்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார், அடுத்த கோடையில் வேலையையும் விட்டுவிட்டார். தவராஜா கார்த்திகையிலிருந்து பங்குனி வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே நித்திரை கொள்ளப் பழகிக்கொண்டார். பிடரிக்கு ஒரு சுருட்டிய துவாய், தோளில் பழைய பத்திரிகைத் தாள், இரவில் இருமல் வந்தால் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே இருமுவது. குருவியோடு வாழ்வதற்கு வேறு பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை என்று அவர் சொல்வார்.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? முருகனுக்கு மயில், இவருக்குக் குருவியோ என்று சிரித்தார்கள். ஏழரைச் சனி என்று சிலர், செய்வினை என்று வேறு சிலர். லொத்தர் இலக்கம் கேட்டு பேர்ணிலிருந்து ஒரு குடும்பம் ரயிலேறி வந்தது. ஷாஃப்ஹவுசனில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் பிள்ளையாரும் முருகனும் படமாக இருந்த சிறு கோவிலை நடத்திவந்த கனகரத்தினம் மட்டும், வாக்கு நிறைவேறும்வரை முடி முருகனுடைய சொத்து, முருகனுடைய சொத்தில் யார் குடியிருக்கலாம் என்று தீர்மானிக்க நாங்கள் யார் என்று சொல்லி எல்லோருடைய வாயையும் அடைத்தார். அவர் திருகோணமலை அரசாங்கக் கச்சேரியில் கோப்பு எழுதும் இலிகிதராக இருந்தவர். எந்த விஷயத்தையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் தவராஜாவின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நாட்டைவிட்டுப் போகச் சொன்ன தவணை முடிந்து, மார்கழியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு இரண்டு பொலிஸ்காரர்கள் விடுதியின் மேல்மாடி அறைக்கு வந்தார்கள். அப்போது வெளியே இன்னும் இருட்டு, குருவிகள் தலைக்குள் இருந்தன. விடுதி முதலாளியம்மா ஹெர் ஸ்ராமுக்குத் தொலைபேசி எடுத்தார். நித்திரை உடுப்புக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்த அவர் படியில் நின்று, குளிர்காலத்தில் காப்புப் பறவைகளின் உறைவிடத்தைக் கலைப்பதோ இடம் மாற்றுவதோ கூடாது என்ற விதியை மனப்பாடமாகச் சொன்னார். உறைவிடம் எது என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார். ஹெர் ஸ்ராம் தவராஜாவைக் காட்டினார். சுவிஸ்காரர்களிடம் ஒரு நல்ல குணம், ஒரு விஷயத்துக்கு விதி இருக்கிறது என்று தெரிந்தால் அதைப் பற்றி ஆச்சரியப்படுவதை நிறுத்திவிடுவார்கள். பொலிஸ்காரர்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு, வசந்தகாலத்தில் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

வசந்தகாலத்தில் அவர்கள் வந்தபோது மேன்முறையீடு நடந்துகொண்டிருந்தது. அது முடிய இலையுதிர்காலம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு குருவிகள் வந்துவிட்டன. இப்படியே வருடங்கள் போயின. கோடை முழுவதும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் தவராஜாவின் கையிலிருந்து கோப்பை விழுந்து உடையும். உறைபனி விழுந்து தலை கனத்த பிறகுதான் நிம்மதி. பனி எப்போது வரும் என்று ஏங்கிய ஒரே தமிழன் அவராகத்தான் இருப்பார், மற்ற எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஊரில் மகள் பிறந்திருந்தாள், யாதவி என்று பெயர். தொலைபேசியில் முதலில் அவளுடைய அழுகை கேட்டது, பிறகு மழலை கேட்டது, பிறகு "எப்ப வருவீங்கள்?" என்ற கேள்வி கேட்டது.

1994ஆம் ஆண்டு மார்கழியில் அந்தப் புதுக் குருவி வந்தது. தலையும் முதுகும் சிலேட்டுப் பலகையின் நிறம், வயிறு வெள்ளை, சொண்டு வெளிறிய ரோஜா. மற்றவை போல முடிக்குள் நுழையாமல், உச்சியில் வெளியே ஏறி நின்று, இரவு முழுவதும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெர் ஸ்ராம் தொலைநோக்கியால் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அது யுங்கோ என்ற குருவி, கனடாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் எல்லா வீட்டு முற்றத்திலும் திரிவது, ஐரோப்பாவில் அதற்கு ஒரு அலுவலும் இல்லை. கப்பல் ஒன்றில் ஏறி ரொட்டர்டாமில் இறங்கி, சரக்குப் படகுகளோடு ரைன் ஆற்றின் வழியே மேலே வந்திருக்கலாம் என்று அவர் நினைத்தார். பத்திரிகையில் படம் வந்தது. ஹொலண்டிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் முக்காலி வைத்த தொலைநோக்கிகளோடு வந்து விடுதி முற்றத்தில் வரிசையாக நின்றார்கள், விடுதியில் அறை கிடைக்கவில்லை, சூப் வெள்ளனவே முடிந்துபோனது. தவராஜாவிடம் எந்த நாட்டு வழியாக வந்தாய், வாகனத்தின் நிறம் என்ன, ஓட்டியவரின் பெயர் என்ன என்று இரண்டு வருடங்களாகக் கேட்டிருந்தார்கள். அந்தக் குருவியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. தவராஜா அதற்காக அதன்மேல் பொறாமைப்படவில்லை, இராத் தூக்கத்தில் அது விழுந்துவிடக்கூடாது என்று கழுத்தை இன்னும் நேராக வைத்துக்கொண்டார்.

தவராஜாவை அனுப்பவேண்டாம் என்று பறவைச் சங்கங்கள் மூன்று நாடுகளிலிருந்து எழுதின. இரண்டு குளிர்காலம் யோசித்த பிறகு, 1996இல் கன்ரன் என்ற மாநில அரசின் அலுவலகம் தவராஜாவுக்கு வதிவிட அனுமதி கொடுத்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது. மேற்படி பறவைகள் மேற்படி நபரிடம் குளிர்காலத்தைக் கழிக்கும்வரை அனுமதி செல்லும், அதை ஒவ்வொரு மார்கழியும் அலுவலர் நேரில் வந்து பார்த்துப் புதுப்பிப்பார். அலுவலரின் பெயர் ஃபிராவ் கெல்லர், ஒல்லியான, அமைதியான பெண்மணி. பறவைகளின்மேல் அவருக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. அந்த அனுமதியைக் கொண்டு தவராஜா மனைவியையும் மகளையும் கூப்பிட்டார், ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் முற்றத்தைப் பார்த்த சமையலறையோடு நிலமட்டத்தில் ஒரு வீடும் எடுத்தார். கட்டில் வாங்கினார், மகளுக்கு நீல நிறத்தில் கம்பளிக் கையுறை வாங்கினார். மனிதர் சந்தோஷத்தில் ஒன்றை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார். அலுவலகத்துக்கு அந்த முடி இருக்க வேண்டும், முருகனுக்கு அந்த முடி வேண்டும்.

சிவகலாவும் யாதவியும் 1997 மாசி மாதம், ஆறு உறையும் அளவு குளிர் அடித்த ஒரு நாள், சூரிச் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு கணவனைப் பார்த்த சிவகலா முதலில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், பிறகு தலையைப் பார்த்துக் கும்பிட்டார், ஏனென்றால் அது வளர்ந்திருந்த அளவைப் பார்த்தால் முருகன் குறை சொல்ல இடமில்லை. ஷாஃப்ஹவுசன் ரயில் நிலையத்தில் இறங்கும்போது பொழுது பட்டது. மேடையில் நின்ற தவராஜாவின் தலைக்குள் வேலி அரசர்கள் ஒவ்வொன்றாக நுழைந்தார்கள், செந்நெஞ்சன் தாடிக்குள் போனது, கடைசியாக யுங்கோ தண்டவாளத்துப் பக்கமிருந்து தத்தித் தத்தி வந்து உச்சியில் ஏறியது.

"இதென்ன கோலம்?" என்றார் சிவகலா.

"நான் ரெலிபோனில சொன்னனான்தானே, தலையில குருவி இருக்குதெண்டு."

"குளிருக்கு உளறுறீங்கள் எண்டெல்லோ நினைச்சனான்."

தவராஜா பயணப்பெட்டியின்மேல் உட்கார்ந்து நிபந்தனையைச் சொன்னார். முடியை இறக்கினால் குருவி போய்விடும், குருவி போனால் அனுமதி போய்விடும், அனுமதி போனால் மூன்று பேரையும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கட்டைபறிச்சானில் அவர்களுக்கு இப்போது வீடு இல்லை, கூரையில்லாத நாலு சுவர்தான் இருந்தது. சிவகலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒற்றைக்காலில் நின்றார்.

"வாக்கு வாக்குத்தான். எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் முருகன்."

"கொண்டுவந்து சேர்த்தது குருவியப்பா."

"அந்தக் குருவியை அனுப்பினது ஆர்?"

கோவிலுக்குப் போய்க் கனகரத்தினத்தைக் கேட்டார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பிள்ளை, நீங்கள் முருகனிட்டச் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ" என்றார். சிவகலா சொன்னார். கனகரத்தினம் இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டார். "ஒரே வீட்டுக்குள்ள எண்டுதானே சொன்னனீங்கள்? அப்ப தவராஜா வாசல்படிக்கு வெளியில நிக்கும்வரைக்கும் தவணை வரேல்லை. குருவி பங்குனியில போயிடும். அதுக்குப் பிறகு அவர் உள்ள வரட்டும், அண்டைக்கே இறக்குவம்." வரப்போகும் குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்று தவராஜா கேட்டார். அது முருகனுடைய தலையிடி என்று சிவகலா சொன்னார்.

ஆகவே ஏழு வருடம் பிரிந்திருந்த குடும்பம் ஒரு சுவரின் இரண்டு பக்கமும் நின்று குடும்பம் நடத்தியது. தவராஜா இராவில் விடுதியின் பழைய அறைக்குப் போய்விடுவார், பகலில் முற்றத்தில் நின்று சமையலறை யன்னலால் கதைப்பார். சிவகலா சோற்றுக் கோப்பையை யன்னலால் நீட்ட, அவர் பனிக்குள் நின்று தின்பார். சண்டையும் யன்னலால்தான் நடந்தது, சமாதானமும் அப்படியே. குசினிக் குழாய் ஒழுகியபோது தவராஜா வெளியில் நின்று சொல்லச் சொல்ல சிவகலா உள்ளே திருகினார். பக்கத்து வீட்டுச் சுவிஸ் கிழவி இது தமிழர்களின் திருமணச் சடங்கு என்று நினைத்து ஒரு கேக் செய்து கொண்டுவந்து, எந்தப் பக்கம் கொடுப்பது என்று தெரியாமல் யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். யாதவிக்குத் தகப்பன் என்றால் யன்னலுக்கு வெளியே ஆவி விடுகிற ஒரு பெரிய தலை. முதல் இரண்டு கிழமை அவள் கிட்டப் போகவில்லை. ஒரு நாள் பின்னேரம் நீலக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, கதிரையில் ஏறி, யன்னலால் கையை நீட்டி முடிக்குள் விட்டாள். உள்ளே சூடாக, மெத்தென்று, சின்னச் சின்னதாக எல்லாம் அசைந்தன. "அப்பா, உங்கட தலை மூச்சு விடுது" என்றாள். தன்னை அவள் அப்பா என்று நேரில் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். தவராஜா அழுதார், ஆனால் தலையை ஆட்டாமல் அழுதார்.

பங்குனிக் கடைசியில் குருவிகள் போயின. தவராஜா வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் போய், மனைவியையும் மகளையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று மத்தியானமே நிலக்கீழ்க் கோவிலில் கனகரத்தினம் தேவாரம் பாட, தலையும் தாடியும் சுத்தமாக மழிக்கப்பட்டன. வெருகலுக்குக் கொண்டுபோக ஆள் இல்லாதபடியால், முடியை மஞ்சள் துணியில் கட்டி ரைன் ஆற்றில் விடத் தீர்மானித்தார்கள். ரைனும் கடலுக்குத்தான் போகிறது. ஆனால் கரையில் முடிச்சை அவிழ்த்தபோது எழுந்த காற்றில் பாதி முடி மரங்களுக்குள் பறந்துவிட்டது, சிவகலா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அந்தக் கோடையில் ஹெர் ஸ்ராம் பார்த்த கூடுகளில் எல்லாம் உட்பக்கம் கறுத்தச் சுருட்டை முடி மெத்தையாக வைத்துப் பின்னப்பட்டிருந்தது. அவர் அதைச் சங்கத்தின் கூட்டத்தில் தெரிவித்தார். கூட்டம் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனது.

அந்த இலையுதிர்காலம் பொல்லாதது. தவராஜாவின் தலையில் ஒரு மயிர்கூட முளைக்கவில்லை. என்னென்னவோ எண்ணெய் பூசினார்கள், சூரிச்சிலிருந்து நெல்லிக்காய் எண்ணெய் எடுப்பித்தார்கள், தலை பளபளத்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. முருகன் கொடுத்ததை வேரோடு எடுத்துக்கொண்டான் என்று எங்கள் ஆட்கள் கதைத்தார்கள். யாதவி பாலர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து சுவிஸ் ஜெர்மனில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று தவராஜா நினைத்து நினைத்து உருகினார். ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ்களைச் சிவகலா இன்னும் அவிழ்க்கவில்லை. தேவையானதை மேலால் எடுத்துவிட்டுத் திரும்பவும் பூட்டி, கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

உறைபனி மார்கழியில்தான் வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. ஹெர் ஸ்ராம் காலையிலேயே ஃபிராவ் கெல்லருக்குத் தகவல் சொல்லிவிட்டார். ஒளிக்க அவருக்கு மனம் வரவில்லை, விதி விதிதான். பின்னேரம் அவரும் ஃபிராவ் கெல்லரும் கனகரத்தினமும் முற்றத்தில் நின்றார்கள். தவராஜா நடுவில் மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேலியில் குருவிகள் வந்து இறங்கின, வழமையைவிடக் கூட்டம் அதிகம், புதுக் குஞ்சுகள் பல. முதலாவது பறந்து வந்து காதுக்கு மேலே வழியைத் தேடியது. வழி இல்லை. இன்னொன்று உச்சியில் இறங்கிப் பார்த்து, நெல்லிக்காய் எண்ணெயில் வழுக்கி, வேலிக்குத் திரும்பிப் போனது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஃபிராவ் கெல்லர் பேனாவின் மூடியைக் கழற்றினார், ஆனால் எழுதாமல் பிடித்துக்கொண்டிருந்தார். செந்நெஞ்சன் மட்டும் யோசிக்காமல் நேரே வந்து கனகரத்தினத்தின் கழுத்துச் சால்வைக்குள் புகுந்தது. அவர் ஏற்கனவே சுவிஸ் குடியுரிமை எடுத்தவர், ஆகவே அது யாருக்கும் பிரயோசனப்படவில்லை.

அப்போது யாதவி தொப்பி போடாமல் வெளியே ஓடிவர, அவளைப் பிடிக்கச் சிவகலா பின்னால் வந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் அவர் அப்போதுதான் தலைமுழுகி, இடுப்பைத் தாண்டும் கூந்தலை ஈரத்தோடு பெரிய கொண்டையாக முடிந்திருந்தார். சுடுதண்ணீரில் முழுகிய தலை, அதிலிருந்து ஆவி எழுந்தது. வேலியில் இருந்த குருவிகள் எல்லாம் ஒரு தரம் தலையைத் திருப்பின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து வந்து, அவருடைய வலது காதுக்கு மேலாகக் கொண்டைக்குள் நுழைந்தன. நெருக்கியடித்தன, கீச்சிட்டன, இடம் பிரித்துக்கொண்டன, கடைசிக் குஞ்சு வாலை உள்ளே இழுத்ததும் அடங்கின. சிவகலா வேலிக்கட்டை போல நின்றார். "முருகா, இதென்ன விளையாட்டு?" என்றார், அதையும் உதட்டை அசைக்காமல்தான் சொன்னார்.

இந்தப் பெண் யார் என்று ஃபிராவ் கெல்லர் கேட்டார். மனைவி என்று ஹெர் ஸ்ராம் சொன்னார். பெயரின் எழுத்துகளைக் கேட்டு எழுதிக்கொண்டு, இனிமேல் அனுமதி மனைவியின் பெயரில் இருக்கும், கணவரும் பிள்ளையும் அவரில் தங்கியிருப்பவர்கள் என்று ஃபிராவ் கெல்லர் விளக்கினார். அதற்கிடையில் யுங்கோ எப்போதும் போலக் கடைசியாக, பனியில் நடந்து வந்து, தவராஜாவின் சப்பாத்தில் ஏறி, முழங்காலில் ஏறி, தோளில் ஏறி, மொட்டையின் உச்சியில் போய் நின்றது. முடி இருந்த காலத்திலும் அது உள்ளே போனதில்லை. அதற்கு முடி ஒரு பொருட்டே அல்ல. ஃபிராவ் கெல்லர் அதையும் பார்த்தார். கணவர் என்ற இடத்தில் "ஒன்று, வெளிநாட்டுக் குருவி" என்று எழுதி, மூடியைப் போட்டார். அந்த அனுமதி அடுத்தடுத்த மார்கழிகளிலும் ஒரு கேள்வி இல்லாமல் புதுப்பிக்கப்பட்டது. 1999இல் ஃபிராவ் கெல்லர் வராமலே தபாலில் அனுப்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு சிவகலாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து சுவரோரமாக இருத்தினார் தவராஜா. வாசலில் கொஞ்சம் குனியவேண்டும் என்று சொன்னார், சிவகலா குனிந்தார். சாயும்போது முதலில் தோள், பிறகு பிடரி என்றார், அப்படியே சாய்ந்தார். இருமல் வந்தால் எப்படி என்று செய்து காட்டினார். சிவகலா கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடியே ஏழு வருசமோ இருந்தனீங்கள்?"

"அஞ்சு. முதல் ரெண்டு வருசம் படுத்துத்தான் நித்திரை கொண்டனான்."

சிவகலாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக் கை எடுத்தால் தலை அசையும் என்று விட்டுவிட்டார். யாதவி வந்து துடைத்துவிட்டாள்.

"பிடரிக்கு ஏதும் வேணும்" என்றார் சிவகலா. "அந்தப் பெரிய சூட்கேசைத் திறவுங்கோ. அடியில என்ர கம்பளிச் சால்வை கிடக்கு. எல்லாத்தையும் வெளியில எடுத்தால்தான் வரும்."

தவராஜா உச்சியில் யுங்கோவோடு மெல்லக் குனிந்து சூட்கேசைத் திறந்தார். சேலைகளையும், பிள்ளையின் சட்டைகளையும், பித்தளை விளக்கையும், இடித்த மிளகாய்த்தூளையும் ஒவ்வொன்றாக எடுத்து யாதவியிடம் கொடுத்தார். அவள் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தாள்.